சாவா மூவாப் பேராடு

பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை திருக்கோயிலைப் புதுக்கிக் குடமுழுக்கு நிகழ்த்துதல் நம் நாட்டில் வழிவழியாக வரும் மரபு. பன்னிரண்டு ஆண்டு என்பது கல்லுக்குச் சிறு காலம், மனிதர்க்கோ பெருங்காலம். சென்ற குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலுக்குக் கால் நட்டவர், குடங்களுக்கு நூல் சுற்றியவர், அன்னதானப் பந்தியில் இலை போட்டவர் ஆகியோருள் எத்துணைப் பேர் இன்று நம்மிடையே இல்லை என்று எண்ணத் தொடங்கினால் கைவிரல்கள் போதா. முசரவாக்கம் முதலான காஞ்சிச் சுற்றூர்களில் ஏரும் தறியுமாக வாழ்ந்து, கோயில் மணியோசையைக் கேட்டே காலையும் மாலையும் அறிந்த அம்முதியோரை இம்மலரின் சில பக்கங்களிலேனும் நினைத்தல் வேண்டும் என்று அன்பர் சிலர் என்னைப் பணித்தனர். அப்பணியை ஏற்று, நம் முன்னோர் தம்முள் மறைந்த பெரியோரைத் திருக்கோயில்களில் எவ்வாறு நினைந்தனர் என்பதனைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு எழுதப் புகுகின்றேன்.

ஒன்றை முதற்கண் கூறிவிடுதல் நலம். இறப்பும் கோயிலும் ஒன்றையொன்று அணுகாதன என்பது ஊர் வழக்கு. தெருவில் உயிர் நீங்கிய உடல் கிடக்குமாயின் நடை திறவார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பின்னர் ஊரில் இறப்பு நேர்ந்தால் ஆக வேண்டியவற்றை விரைந்து முடிப்பர். தீட்டுக் கழியும் வரை அவ்வீட்டார் கோயிலுள் அடி வையார். இவ்வளவும் உண்மையே. ஆயினும் பழங்கோயில் ஒன்றின் அடித்தளத்தையும் சுவரையும் உற்று நோக்குங்கள். குமுதத்திலும் பட்டிகையிலும் வரிவரியாகச் செறிந்துள்ள எழுத்துகள் யாருடையவை? ஈந்தவர், ஈகையைப் பெற்றுக் காப்பதாக ஒப்பியவர், சான்றாக நின்றவர், எவர் நன்மை கருதி ஈயப்பட்டதோ அவர் என இத்தனை பேரும் பல நூறு ஆண்டுகட்கு முன்னரே மறைந்தோர். உடலை வாயிலுக்கு அப்பால் நிறுத்திய கோயில், பெயரை மட்டும் கருவறைச் சுவரிலேயே ஏற்றுக்கொண்டது. இதனை யான் இளமையில் அறிந்தேனில்லை. அறிந்த பின்னர்க் கோயிலை வலம் வரும்போதெல்லாம் சுவர்ப்பக்கமே கண் செல்கின்றது.

அக்கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை விளக்குக்கு வைத்த அறங்களைக் கூறுவன. இரவும் பகலும் அவியாது எரியும் விளக்கினை நந்தா விளக்கு என்றும் நுந்தா விளக்கு என்றும் அவை குறிக்கும். ஒரு நந்தா விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். நான்கு உழக்குக் கொண்டது ஒரு நாழி. ஆகவே ஓராண்டுக்கு 91 நாழியும் ஓர் உழக்கும் ஆகும். இதனைப் பொன்னாகக் கொடுத்தால் பொன் செலவழிந்து விடும். நிலமாகக் கொடுத்தால் மழையை நம்ப வேண்டும். எனவே பலர் ஆடுகளைக் கொடுத்தனர். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பரவலாகக் காணப்படும் கணக்கு; 90 ஆடு என்று கூறும் கல்வெட்டுகளும் பல உள. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் 96 ஆட்டுக்கு ஈடாக 48 பசுவோ 16 எருமையோ கொள்ளலாம் என்று கணக்கிட்டு வைத்தனர். ஆடுகளை ஏற்ற இடையர், அவற்றின் பாலிலிருந்து நெய் எடுத்து நாள்தோறும் கோயிலில் அளந்து வந்தனர்.

அவ்வாடுகளுக்குக் கல்வெட்டுகள் இட்ட பெயர்தான் சாவா மூவாப் பேராடு என்பது. ஆடு சாகாதோ, மூப்பு எய்தாதோ என்று வினவலாம். சாகும், மூப்பும் எய்தும். ஆனால் ஓர் ஆடு சாகுமுன் குட்டி ஈன்றிருக்கும். கிழ ஆட்டின் இடத்திற்கு இளமறி வரும். இடையன் இறந்தால் அவன் மகன் அப்பொறுப்பை ஏற்பான். எண்ணிக்கை மட்டும் குறையலாகாது என்பதே உடன்படிக்கை. தனித்தனி ஆடு அழிந்துகொண்டே இருப்பினும் மந்தை அழியாது நிற்கும். சட்டம் எழுதிய ஓர் ஊர்க் கணக்கன் இத்தகைய சொல்லை ஆக்கினான் என்பதை எண்ணும்போது, அக்காலத்துக் கணக்கர்மேல் நமக்கு மதிப்பு உயர்கின்றது.

இவ்விளக்குகளைத் தந்தைக்காகவும் தாய்க்காகவும் போரில் பட்ட மகனுக்காகவும் வைத்தனர். தமக்கு உறவில்லாதவர்க்காக வைத்ததும் உண்டு. வேட்டைக்குச் சென்ற ஒருவன் விலங்கென்று கருதி எய்த அம்பு மற்றொருவன் மேற்பட்டு அவன் உயிர் நீத்தான் என்றும், ஊரும் நாடும் கூடி ஆராய்ந்து, அறியாமற் செய்த பிழையாதலின் உயிருக்கு உயிர் வாங்குதல் வேண்டா என்று தீர்த்து, இறந்தவன் பொருட்டுக் கோயிலில் விளக்கு எரிக்குமாறு எய்தவனைப் பணித்தனர் என்றும் கூறும் கல்வெட்டுகள் சோழர் காலத்தன சில கிடைத்துள்ளன. கொன்றவன் தன் வாழ்நாள் முழுதும், தன் மக்கள் வாழ்நாள் முழுதும், தான் கொன்றவன் பெயரால் நெய் அளந்தான். அத்தீர்ப்பினை வழங்கிய ஊரவையாரின் உள்ளத்தை நினைக்குந்தோறும் வியப்பே மேலிடுகின்றது.

இனி, நம் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒரு பெரிய இறப்பினையும் அதன் பின் வந்த நினைவினையும் சிறிது விரித்துக் கூறுவேன்.

காஞ்சிக்கு வடக்கே அரக்கோணத்தை அடுத்துள்ளது தக்கோலம். 949ஆம் ஆண்டு அவ்வூரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்கும் சோழர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. சோழர் படைக்குத் தலைமை பூண்டவன் முதற் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன். கங்க மன்னன் பூதுகன் அவனை யானைமேல் இருந்தவாறே கொன்றான். பிற்காலக் கல்வெட்டுகள் இராசாதித்தனை ஆனைமேல் துஞ்சின தேவர் என்றே குறிக்கின்றன. மன்னரின் இறப்பினைக் கூறும்போது இறந்தார் என்னாது துஞ்சினார், அதாவது உறங்கினார் என்று கூறுதல் அக்கால வழக்கு; எவ்விடத்தில் துஞ்சினாரோ அவ்விடமே அவர்க்குப் பெயருமாகும்.

அப்போரில் இறவாது எஞ்சிய ஒருவரைப் பற்றியே யான் கூற விழைவது. இராசாதித்தனிடம் படைத்தலைவராக விளங்கியவர் மலைநாட்டினரான வெள்ளங்குமரன் என்பவர். தக்கோலத்தில் தம் தலைவன் வீழ்ந்தபோது அவர் அருகில் இல்லை. தலைவனோடு களத்தில் மடியும் பேறு தமக்கு வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. படைத்தொழிலைத் துறந்தார், கங்கையில் நீராடினார், பின்னர்த் திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் தவநெறி மேற்கொண்டு சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு ஆங்கிருந்த மடத்திற்குத் தலைவரானார். திருவொற்றியூர்க் கோயிலில் உள்ள வடமொழிக் கல்வெட்டு ஒன்று இவ்வரலாற்றைக் கூறுகின்றது. அக்கல்வெட்டு எழுந்ததும் இராசாதித்தனை வென்ற அதே கிருட்டிண மன்னனின் ஆட்சியாண்டில்தான். பகைவர் ஆட்சி நடக்கும் நாட்டில், தோற்ற தலைவனின் பெயரைச் சொல்லித் தம் துயரைக் கல்லில் எழுதச் செய்தார் அத்துறவி. அதனைத் தடுத்தவர் எவரும் இலர். அவர் கோயில் வழிபாட்டிற்கென 100 பொன் வைத்த செய்தியும் அக்கல்வெட்டில் உளது. ஒருவர் இறந்தபோது நாம் உடன் இல்லையே என்னும் வருத்தம் எவ்வளவு பழையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யான் கண்டதில்லை. இவ்வருத்தத்திற்கு இக்கட்டுரையில் மீண்டும் வருவேன்.

அடுத்துக் கூற வேண்டுவது காஞ்சி மாநகரிலேயே துஞ்சிய ஒரு மன்னரைப் பற்றி. முதல் இராசராசனின் தந்தையாகிய சுந்தர சோழர் காஞ்சிபுரத்தில் இருந்த பொன்மாளிகையில் உயிர் நீத்தார். அதனால் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று பெயர் பெற்றார். அவர் தேவியார் வானவன் மாதேவியார், பால் குடிக்கும் மகவினை விட்டு நீங்கிக் கணவரோடு உயிர் துறந்தார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறும். இன்று அச்செயலைப் போற்றுவதற்கில்லை. தாயை இழந்த அக்குழவியை நினைத்தே நெஞ்சு நெகிழ்கின்றது. அவ்வம்மையாரின் மகள்தான் குந்தவைப் பிராட்டியார். இராசராசன் தஞ்சையில் பெருங்கோயில் எடுத்தபோது, பிராட்டியார் அக்கோயிலில் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளுள் பொன்மாளிகைத் துஞ்சின தேவரின் படிமமும் தம் அன்னையின் படிமமும் இருந்தன. அவற்றிற்கு வழிபாட்டுக்கு வேண்டிய முதலும் வைத்தார். சுந்தர சோழ விண்ணகர் என்று தந்தையின் பெயர் தாங்கிய இடத்தில் இயங்கிய ஆதுலர் சாலைக்கு, அதாவது நோயுற்றார்க்கு மருத்துவம் செய்யும் சாலைக்கு, நிலமும் அளித்தார். தந்தையின் நினைவு ஒருபுறம் தெய்வத் திருமேனிகளின் வரிசையிலும், மறுபுறம் பிணியாளர் படுக்கையின் அருகிலும் நின்றது. படிமங்கள் இன்று இல்லை, கல்வெட்டு உண்டு.

பள்ளிப்படைக் கோயில்களைப் பற்றியும் அன்பர்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். காளத்திக்கு அண்மையில் தொண்டைமானாற்றூரில் துஞ்சிய முதல் ஆதித்தனுக்கு அவன் மகன் பராந்தகன் அங்கேயே கோயில் எடுத்தான். அரிஞ்சயனுக்கு அவன் பேரன் இராசராசன் மேற்பாடியில் எடுத்தான். பட்டீச்சரத்திற்கு அருகில் பஞ்சவன் மாதேவீச்சரம் இருக்கின்றது. அது முதல் இராசேந்திரன் தன் சிற்றன்னைக்கு எடுத்தது. இவை யாவும் அரசர்க்கு உரியன. அரசர்க்கு நினைவுச் சின்னம் அமைதல் அரிதன்று. அரிதாவது ஏனையோர்க்கு அமைதலே.

அவ்வாறு அமைந்ததற்குக் காஞ்சியிலேயே ஒரு சான்று உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயில் என்று நாம் வழங்கும் பரமேச்சுர விண்ணகரத்தின் திருச்சுற்று மாளிகைச் சுவரில் பல்லவர் வரலாறு சிற்பமாக நிற்கின்றது. இரண்டாம் பரமேசுவரவருமன் இறந்தபின் நாட்டுத் தலைவரும் கடிகையாரும் கூடிச் சென்று, இரணியவருமனிடம் அவன் மக்களுள் ஒருவனை அரசனாகத் தருமாறு வேண்டினர். மூத்தோர் மூவரும் மறுக்க, பன்னிரண்டு வயதே நிரம்பிய பல்லவமல்லன் யான் போவேன் என்றான். சிறுவனை அனுப்பத் தந்தை தயங்கினான். அப்போது தரணிகொண்ட போசர் என்பவர் முன்வந்து தேற்றினார். அவர் மன்னர் அல்லர். கோயில் எடுத்தவரும் அல்லர். கலங்கிய ஒரு தந்தைக்கு உரிய வேளையில் நல்வார்த்தை சொன்னார், அவ்வளவே. அதற்காக அவர் பெயர் 1200 ஆண்டுகளுக்கும் மேலாகக் காஞ்சிக் கல்லில் வாழ்கின்றது.

நம் ஊர்களில் அத்தகைய போசர்கள் இருந்திலரா? இருந்தனர். அவர்கள் பெயரைத்தான் எவரும் எழுதவில்லை.

நெசவாளரை எடுத்துக்கொள்வோம். காஞ்சிக்கும் நெசவுக்கும் உள்ள தொடர்பு பெரிதும் பழையது. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடு பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உலகளந்த பெருமாள் எழுந்தருளிய ஊரகத்துத் திருக்கோயிலின் வரவு செலவினை ஒழுங்கு செய்யும் அச்செப்பேடு, கச்சிப்பேட்டில் இருந்த நெசவாளர் சேரிகளைக் குறிக்கின்றது. கோயிற் பொருளைப் பேணும் பொறுப்பிலும் அச்சேரியாரைச் சேர்க்கின்றது. ஆடை நெய்தோர் ஆண்டவன் பொருளுக்கும் காவலராக நின்றனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. காஞ்சிப் பட்டுக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்புக் கிடைத்துவிட்டது. கைவேலை அறிந்த கிழவர்களோ ஒருவர் பின் ஒருவராகச் சென்றுகொண்டிருக்கின்றனர்.

கோர்வைப் புடவை நெய்வதற்குக் குழித்தறியில் ஒருவர் போதார். உடலுக்கு ஒரு நிறமும் இருபுறக் கரைகளுக்கு வேறு நிறமுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டுமாதலின், அருகில் ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தல் வேண்டும். முற்காலத்தில் வீட்டுச் சிறுவனே அவ்விடத்தில் அமர்வான். பாட்டன் மிதியை மிதிப்பான். பேரன் நாடா தள்ளுவான். அதனிடையே கதையும் கணக்கும் கோயில் முறையும் காதில் விழும். சிறுவர் பள்ளிக்குச் சென்றது மிக நல்லதே. அதில் எவர்க்கும் இரு கருத்து இருக்க முடியாது. ஆயினும் பாட்டன் வாயிலிருந்து பேரன் செவிக்குச் சென்ற அந்த வழி அடைபட்டபின், வேறு வழி ஒன்றை நாம் திறந்தோமில்லை.

என் குற்றத்தையும் ஈண்டுச் சொல்லிவிடுகின்றேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபது ஆண்டுகள் தறிக்குழியில் அமர்ந்தவர். புதுப் பாவினைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்கும்போது கண்ணால் நோக்காது விரலாலேயே முறுக்கி விடுவார். கார்த்திகை மாதம் முழுதும் கோயில் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது அவர் வீட்டு முறை. எத்தனை விளக்கு, எந்தச் சந்நிதிக்கு எவ்வளவு எண்ணெய், அவர் பாட்டனார் காலத்தில் அதற்கென விடப்பட்ட காணி எது, அது எவ்வாறு கைமாறிற்று என்பனவெல்லாம் அவர் ஒருவர்க்கே தெரியும். ஒருநாள் சுவடியோடு சென்று, "தாத்தா, இவற்றையெல்லாம் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றேன். "இந்தப் பாவு முடியட்டும், தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமை வா" என்றார். அடுத்த வெள்ளியும் வந்தது; அதற்கடுத்த வெள்ளியும் வந்தது. யான் செல்லவில்லை. என்ன வேலை இருந்தது என்று இப்போது நினைவில்லை. நினைவில் நிற்காத அளவுக்குச் சிறிய வேலையாகத்தான் இருந்திருக்கும்.

அப்பெரியவர் 1979இல் இளமனைவியோடு சென்று காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் அத்தி வரதரைக் கண்டவர். அனந்தசரசு திருக்குளத்தினுள் உறையும் அம்மூர்த்தி நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படுவது அன்பர்கள் அறிந்ததே. 2019ஆம் ஆண்டு சூலை 1 முதல் ஆகத்து 17 வரை மீண்டும் எழுந்தருளியபோது, நாடெங்கும் இருந்து வந்த பெருங்கூட்டத்தின் நடுவே, பேரன் தோளைப் பற்றிக்கொண்டு மறுமுறையும் கண்டார். 1937ஆம் ஆண்டு எழுந்தருளல் தம் தந்தையார் கண்டது என்றும், அடுத்ததைப் பேரன் காண்பான் என்றும் அமைதியாகக் கூறினார். அவரைப் போன்ற முதியோர் நூற்றுக்கணக்கானோர் அவ்வாண்டில் சக்கர நாற்காலியிலும் பிறர் கைகளிலும் ஏந்தப்பட்டு வந்ததைக் கண்டோம். ஏழு திங்கள் கழிந்தன. 2020 மார்ச்சு 25ஆம் நாள் நாடு முழுதும் பொது முடக்கம் வந்தது. கோயில்களில் பூசை நடந்தது. தொழுவோர்க்குக் கதவு அடைபட்டது.

கொரோனாப் பெருந்தொற்றின் அவ்விரண்டு ஆண்டுகளில் நம் சுற்றூர்களில் மறைந்த முதியோர் பலர். தொற்றினால் மறைந்தோரும் உளர். மூப்பினாலும் பிற நோயாலும் மறைந்தோரும் உளர். எதனால் மறைந்திருப்பினும் அவர்க்கு நேர்ந்தது ஒன்றே. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்பது அக்கால விதி. அறுபது ஆண்டுகள் ஊரின் ஒவ்வொரு சாவுக்கும் முதல் ஆளாகச் சென்று நின்றவர்களுக்குத் தெரு கூடவில்லை. வெளியூரில் இருந்த மக்கள் கைபேசியில் பார்த்து அழுதனர். பதினாறாம் நாள் பந்தி இல்லை, படத்திறப்பு இல்லை. எங்கள் தெருப் பெரியவரும் அக்காலத்தில் மறைந்தவரே. பதினெட்டாவது வீட்டில் இருந்த யான் சன்னல் வழியே நோக்கினேன். திருவொற்றியூர்ச் சதுரானன பண்டிதரின் கல்வெட்டினை அதற்கு முன் பலமுறை படித்திருந்தேன். அன்றுதான் அதன் பொருள் விளங்கிற்று.

அந்நாள்களில் என் நினைவுக்கு வந்த தலம் திருப்புட்குழி. காஞ்சிக்கு மேற்கே பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ள இத்திவ்விய தேசம் திருமங்கையாழ்வாரால் மங்களாசாசனம் செய்யப்பெற்றது. சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் என்பது தலவரலாறு. புள்ளுக்குக் குழி அமைந்தமையின் புட்குழி ஆயிற்று என்பர். (சடாயுவின் வரலாறு புள்ளிருக்குவேளூருக்கும் புள்ளபூதங்குடிக்கும் உரியதாகச் சொல்லப்படும். ஒரே முதியவரைப் பல ஊர்கள் தம்மவர் என்று கொள்வதில் தவறொன்றும் இல்லை.) மூலவராகிய விசயராகவப் பெருமாள் சடாயுவைத் தம் மடியில் ஏந்திய திருக்கோலத்தில் வீற்றிருக்கின்றார். கோயில் எதிரே உள்ள திருக்குளமும் சடாயு தீர்த்தம் என்றே வழங்கப்படுகின்றது.

சடாயு யார்? தயரதனின் நண்பர், முதிர்ந்தவர், வைணவப் பெரியோர் அவரைப் பெரியவுடையார் என்றே வழங்குவர். தயரதன் அயோத்தியில் உயிர் நீத்தபோது இராமன் காட்டில் இருந்தான். மூத்த மகன் செய்ய வேண்டிய எரிகடனைப் பரதனும் செய்ய இயலவில்லை. சத்துருக்கனனே செய்தான் என்று கம்பர் காவியம் கூறும். தன் தந்தையின் இறுதியில் அருகில் இல்லாத மகன், தந்தைக்கு ஒப்பான முதியவர் தன் கண்முன் உயிர் விட்டபோது, குலம் நோக்காது, பறவை என்றும் பாராது, விறகு அடுக்கித் தானே தீ மூட்டினான். பெருந்தொற்றுக் காலத்தில், உறவினர் நெருங்க இயலாத உடல்களைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் எவ்வுறவும் இல்லாத தொண்டர்கள் ஏந்திச் சென்று அடக்கம் செய்தனர். அவர்களுள் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். திருப்புட்குழிப் பெருமாளின் மடியை அப்போது நினைத்தேன்.

மறைந்தோர் நினைவைக் காப்பதில் திருப்பணி செய்வோர்க்கு ஒரு தனிக் கடமை உண்டு. அதனைத் தயங்காது கூற விரும்புகின்றேன். பழங்கோயிலைப் புதுக்கும்போதுதான் பழம்பெயர்கள் மிகுதியாக அழிகின்றன. எழுத்துள்ள கல்லைப் பிரித்து மாற்றி அடுக்குதலும், தளவரிசைக்குக் கவிழ்த்துப் போடுதலும், சுதையும் வண்ணமும் பூசி மறைத்தலும், மணலைப் பீச்சித் தூய்மை செய்து எழுத்தைத் தேய்த்தலும் பல ஊர்களில் நிகழ்ந்துள்ளன. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவையே, ஆயினும் இன்றைய உபயதாரர் பெயரைப் பளிங்கில் பொறிக்கும் ஆர்வத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன் விளக்கு வைத்த உபயதாரர் பெயரைத் தேய்த்துவிடுதல் அறமாகாது. இவ்வகையில் நம் முன்னோர் நம்மினும் விழிப்புடையவர். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதல் இராசராசன் ஆணையிட்டபோது, அதில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டனர். விமானம் எழுந்தபின் அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவற்றை மீண்டும் கல்லில் ஏற்றினர். நாட்டை ஆண்ட மன்னன் தன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் அவனைக் கேட்பவர் யார்? அவன் பழைய பெயர்களுக்கு இடம் விட்டான்.

காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் கல்வெட்டுகளை உல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் படித்து, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். அவர் வழியில் உழைத்த இரு பெருமுதியோர் அண்மைக் காலத்தில் மறைந்தனர். ஒருவர் ஐராவதம் மகாதேவன். 1930இல் பிறந்து 2018 நவம்பர் 26இல் மறைந்தவர். சங்க காலத்துத் தமிழ் எழுத்தினைப் படித்துப் பொருள் கண்டவர் என்ற முறையில் உலகம் அவரை அறியும். 1960களில் அவர் தமிழ்நாட்டுக் கைத்தறித் துறையின் இயக்குநராகவும் பணியாற்றினார் என்பதைத் தறி உள்ள ஊரினர் நாம் தனியே நினைத்தல் தகும். மற்றவர் இரா. நாகசாமி. அவரும் 1930இல் பிறந்தவரே. தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர். 2022 சனவரி 23இல் தம் 91ஆம் வயதில் மறைந்தார். பத்தூர்க் கோயிலிலிருந்து களவு போன நடராசர் திருமேனிக்காக இலண்டன் நீதிமன்றத்தில் சான்று கூறியவர். அத்திருமேனி 1991இல் தாயகம் திரும்பிற்று. காஞ்சியின் திருமால் கோயில்களைப் பற்றித் தனி நூலும் எழுதியுள்ளார். மண்மூடிய பெயர்களைப் படித்துச் சொன்ன இவ்விருவர் பெயரும் நூல்களில் நிலைத்துவிட்டன. அவர்களைப் பற்றி நாம் கவலை கொள்ள வேண்டுவதில்லை.

கவலை நம் தெருவினரைப் பற்றியதே. சென்ற குடமுழுக்குக்குப் பின் நம்மூரில் மறைந்த முதியோர் அனைவர் பெயரையும் எழுதுவதற்கென நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்கியுள்ளேன். பெயர், தந்தை பெயர், செய்த தொழில், கோயிலில் ஆற்றிய தொண்டு, மறைந்த ஆண்டு, திங்கள், நட்சத்திரம் என்று கட்டம் இட்டிருக்கின்றேன். ஈந்தவர், ஈயாதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. இலை போட்டவர்க்கும் கோலம் இட்டவர்க்கும் தேர் வடம் பிடித்தவர்க்கும் ஒரே அளவு இடம். பெண்களின் பெயரை இன்னார் மனைவி என்று எழுதாது, அவரவர் சொந்தப் பெயராலேயே எழுதுமாறு வீட்டாரை வேண்டுகின்றேன். சில வீடுகளில் பாட்டியின் பெயரை நினைவுகூர அரைநாள் ஆயிற்று. இதுவரை பதினோரு பக்கம் நிரம்பியுள்ளது.

முதற் பக்கத்தில் எங்கள் தெருப் பெரியவரின் பெயர் உளது. தொழில் என்னும் கட்டத்தில் பட்டு நெசவு என்று எழுதியாயிற்று. தொண்டு என்னும் கட்டத்தில் கார்த்திகை விளக்கு என்பது வரை எழுதி நிறுத்தியிருக்கின்றேன். எத்தனை விளக்கு, எந்தச் சந்நிதிக்கு எவ்வளவு எண்ணெய் என்பதனை அறிந்தவர் எவரேனும் இருப்பின், குடமுழுக்கு நாளன்று மாலை அன்னதானப் பந்தலின் கிழக்கு ஓரத்தில் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பேன். வந்து சொல்லுமாறு வேண்டுகின்றேன்.